வாடகை வீடும் கள்ளாமை விரதமும்

நகரத்தில் சில வாரங்கள் மட்டும் தங்குவதற்கு ஒரு வீடு தேடுவது அறநூல் பேசத்தக்க பொருளா என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். வீடு காட்டுவது தரகர் வேலை. வாடகை பேசுவது கணக்கு வேலை. இதில் தருமத்துக்கு என்ன இடம்? நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் நம் முன்னோர் வகுத்த ஐந்து விரதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயும்போது, தங்குமிடத்தைப் பற்றிய பேச்சு நாம் எதிர்பாராத ஓரிடத்தில் வருகிறது. கொல்லாமையில் அன்று, மிகுபொருள் விரும்பாமையிலும் அன்று, கள்ளாமையில் வருகிறது.

ஆச்சாரியர் உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், ஒவ்வொரு விரதமும் மனத்தில் நிலைபெறுவதற்கு ஐந்தைந்து பாவனைகளைக் கூறுகிறார். கள்ளாமைக்குக் கூறிய ஐந்தாவன: மலைக்குகை, மரப்பொந்து போன்ற ஆளற்ற இடங்களில் தங்குதல், பிறர் விட்டு நீங்கிய இல்லங்களில் தங்குதல், தாம் தங்கிய இடத்துக்குப் பிறர் வருவதைத் தடுக்காமை, ஏற்கும் உணவில் தூய்மை, உடன் அறத்தாரோடு ‘இது எனது, அது உனது’ என்று வழக்கிடாமை. ஐந்தில் முதல் மூன்றும் தங்குமிடத்தைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றுள்ளும் மூன்றாவதாகிய ‘பரோபரோதாகரணம்’, அதாவது பிறரைத் தடுக்காமை, நம்மை நெடுநாளாக உறுத்தி வரும் ஒன்று.

தடுப்பது எவ்வாறு களவாகும்? ஒரு குகையில் முதலில் வந்து அமர்ந்த முனிவர், பின்னால் வருபவரை ‘இங்கு இடமில்லை’ என்று விலக்குவாராயின், தமக்கு ஒருவரும் கொடுக்காத ஓர் உரிமையைத் தாமே எடுத்துக்கொள்கிறார். கொடாததைக் கொள்வதே களவு. எடுத்த பொருள் கையில் இல்லை என்பதால் அது களவு ஆகாமற் போய்விடுவதில்லை.

இது துறவியர்க்கு உரைத்தது. இல்லறத்தாராகிய நமக்குப் பத்திரம் உண்டு, பட்டா உண்டு, வரி கட்டிய ரசீது உண்டு, பூட்டும் சாவியும் உண்டு. நம் வீட்டுக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அணுவிரதம் என்பது மகாவிரதத்தின் சிறிய வடிவமே தவிர, அதற்கு எதிரான வேறொன்று அன்று. துறவியர்க்குத் ‘தடுக்காதே’ என்று சொன்ன அறம், இல்லறத்தாரைப் பார்த்து, ‘எதற்காகத் தடுக்கிறாய்?’ என்றாவது கேட்காமல் விடாது.

புதுக்கோட்டைச் சீமையை நினைக்கும்போதெல்லாம் இக்கேள்வி நமக்கு எழுகிறது. சித்தன்னவாசல் ஓவியங்களைக் காணாத சமணக் குடும்பம் அரிது. ஆனால் குன்றின் மேலே ஏறிச் சென்று ஏழடிப்பாட்டத்தைக் கண்டவர் அத்தனை பேர் இரார். அங்கே பாறையில் வழவழப்பாக இழைத்த பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதன் பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பர். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்குச் சிறுபொசில் இளையர் அந்த இருக்கையைச் செய்து கொடுத்ததாக அது கூறுகிறது. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர் கொள்வர். ஆக, சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு, உள்ளூர்க்காரர் ஒருவர் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறார். வந்தவர் இன்ன நாட்டவர் என்பதைக் கல்லில் பொறித்தார்கள். அதைச் சொல்லித் திருப்பி அனுப்பவில்லை.

அங்கிருந்து தென்மேற்கே பொன்னமராவதி வட்டத்தில் தேனிமலை இருக்கிறது. அம்மலையில் ‘ஆண்டார் மடம்’ என்று மக்கள் வழங்கும் இயற்கைக் குகையில் சமண முனிவர் வாழ்ந்தனர். மலையத்துவசர் என்ற முனிவர் அங்கே தவம் செய்வதைக் கண்ட இருக்குவேள் அவருக்குக் கொடை அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. ‘பள்ளி’ என்ற சொல்லுக்குப் படுக்குமிடம் என்பது ஒரு பொருள். முனிவர் தங்கியதால் அது அறப்பள்ளி ஆயிற்று. அவர்கள் கற்பித்ததால் கல்விக்கூடத்துக்கும் அதுவே பெயராயிற்று. பள்ளி ஆசிரியையாக வாழ்நாளைக் கழித்த நமக்கு, ஒருவருக்குப் படுக்க இடம் தருவதும் கல்வி தருவதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

அந்தப் பொன்னமராவதிக்கு நாம் 1974ஆம் ஆண்டு ஆசிரியைப் பணிக்காகச் சென்றோம். நமது ஊர் வந்தவாசிப் பக்கம். தனியாக வந்த இளம்பெண்ணுக்கு வீடு கொடுக்க அக்காலத்தில் எளிதில் எவரும் முன்வருவதில்லை. சமணர் என்றால் என்ன என்றும் அங்கே பலருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு முதிய கைம்பெண் தம் வீட்டு முன்னறையை மாதம் 15 ரூபாய்க்குக் கொடுத்தார். ஊரார் அவரை ஆத்தா என்று அழைத்தனர்; நாமும் அவ்வாறே அழைத்தோம்.

அவர் புலால் உண்பவர். அதை முதல் நாளே நம்மிடம் சொல்லிவிட்டார். நாம் பகல் மறைந்தபின் உண்பதில்லை என்பதை அறிந்ததும், “அதுக்கென்ன டீச்சர், வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே நீங்க சமைச்சுக்கிடுங்க, அடுப்பு உங்களுக்கு, நான் பெறகு பாத்துக்கிடுறேன்” என்றார். சந்தை நாளில் மீனோ கறியோ வாங்கினால், நாம் கேட்காமலே கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தனியே சமைத்துக்கொள்வார். நான்கு ஆண்டுகள் அந்த வீட்டில் நம் விரதம் பழுதுபடவில்லை. அதைக் காத்தவர் நம் விரதத்தின் பெயரைக்கூட அறியாத, புலால் உண்ணும் ஓர் அம்மையார்.

இனி நாம் சொல்லப்போவது நமக்குப் பெருமை தருவதன்று.

புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் நமது வட மாவட்டங்களிலிருந்தும் புற்றுநோய் மருத்துவத்துக்காகச் சென்னை செல்பவர் பலர். கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வாரம் வரை, வாரத்தில் ஐந்து நாள் அளிக்கப்படுவது. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே ஆகும். ஆனால் ஒரு நாளும் தவறலாகாது. ஆகவே அவர்களுக்கு வேண்டியது நிரந்தர வீடும் அன்று, ஒரு நாள் தங்கும் விடுதியும் அன்று. ஒன்றரை மாதத்துக்கு ஓர் அறையும் கஞ்சி வைக்க ஓர் அடுப்பும்.

2019ஆம் ஆண்டு வேனிலில் நம் தமக்கையாருக்காக அத்தகைய வீட்டைத் தேடி நாம் அடையாற்றுப் பகுதித் தெருக்களில் அலைந்தோம். பதினொரு மாத ஒப்பந்தத்துக்குக் குறைந்தால் தர இயலாது என்றனர் சிலர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த வழக்கம் அந்தப் பதினொரு மாதம். ஆறு வாரத்துக்கும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டனர் சிலர். சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று வழங்கும் அடுக்ககங்களில் ஒரு நாள் கட்டணமே நம் ஓய்வூதியத்துக்கு எட்டாததாக இருந்தது. “நோயாளியா? வீட்டில் ஏதாவது நேர்ந்துவிட்டால்?” என்று தயங்கியவரும் உண்டு.

ஐந்தாம் நாள் தரகர் ஒரு வீட்டைக் காட்டினார். அதே நேரத்தில் அவர் வேறொரு குடும்பத்தையும் அழைத்து வந்திருந்தார். ஒரு தந்தை, அவருடன் தலைமுடி உதிர்ந்து துணி கட்டியிருந்த, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. எந்த ஊர் என்று வீட்டுக்காரர் கேட்க, “பொன்னமராவதிங்க” என்றார் அவர். அந்தப் பேச்சின் இழுவையைக் கேட்டவுடனே நாம் அறிந்துகொண்டோம். அடுத்த கேள்வி உணவைப் பற்றியது. “வீட்டுல கறி மீன் சாப்புடுவோம்ங்க. இங்க இருக்கிற வரைக்கும் சமைக்க மாட்டோம்” என்றார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க” என்று முடித்துவிட்டார். பிறகு நம் பக்கம் திரும்பினார். ஜைனர் என்றோம். அவ்வளவுதான், சாவி நம் கைக்கு வந்தது. நோயாளி என்பதும் தடையாகவில்லை. முன்பணமும் குறைந்தது.

வெளியே தரகர் அந்தத் தந்தையிடம், “சைவம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று கடிந்துகொண்டார். அதற்கு அவர், “பொய் சொல்லிப்புட்டு அந்த வீட்டுல எப்புடிங்க தூங்குறது?” என்றார். சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைத் திரும்பிப் போனார். பின்னர் மருத்துவமனையில் ஒரு நாள் பார்த்தபோது, செங்கல்பட்டுப் பக்கம் உறவினர் வீட்டிலிருந்து நாள்தோறும் இரயிலில் வந்து போவதாகச் சொன்னார்.

அன்று நாம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ‘அவ்வூரில் நான்கு ஆண்டு வாழ்ந்தோம்; அவ்வூரார் சொன்ன சொல் காப்பவர்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தமக்கையார் ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த சாவி திரும்பப் போய்விடுமோ என்று அஞ்சினோம். அந்த அச்சம் இயல்பானதே என்று உறவினர் ஆறுதல் கூறினர். இயல்பானது என்பதனால் அது அறமாகிவிடாது.

அந்த வாசலில் நிகழ்ந்ததை விரதங்களின் வரிசையில் வைத்துப் பார்ப்போம். வாய்மையைக் காத்தவர் அவர். அதனாலேயே வீட்டை இழந்தார். ஆறு வாரம் புலால் சமைப்பதில்லை என்று ஒரு நியமத்தை ஏற்க முன்வந்தவரும் அவரே. நாமோ எந்த உறுதிமொழியும் கொடுக்கவில்லை. நம்மிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை. நம் பேச்சு பிறப்பை வைத்து நம்பப்பட்டது. அவர் பேச்சு பிறப்பை வைத்துத் தள்ளப்பட்டது. ஆகவே அங்கு காக்கப்பட்டது கொல்லாமை என்று சொல்ல முடியவில்லை. கொல்லாமையே நோக்கமாக இருந்திருந்தால், ஒரு புலால் உண்ணும் குடும்பம் ஆறு வாரம் அதைத் தவிர்க்க முன்வந்ததை வீட்டுக்காரர் மகிழ்ந்து ஏற்றிருக்க வேண்டும்.

இங்கே அன்பர்கள் ஒரு தடையை எழுப்பலாம். தீவினை, செய்தல், செய்வித்தல், உடன்படல் என்ற மூன்று வழியாலும் வரும் என்பது நம் ஆகமம். நம் வீட்டில் குடியிருப்பவர் புலால் சமைத்தால், வாடகை வாங்கிக்கொண்டு இடம் தந்த நாம் அதற்கு உடன்பட்டவர் ஆகமாட்டோமா? இது எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று. சிராவகருக்கு இந்த அச்சம் இருப்பதே நல்லது.

ஆனால் இரண்டை வேறுபடுத்த வேண்டும். ‘இந்த அடுக்களையில் புலால் சமைக்கலாகாது’ என்பது ஒரு செயலைப் பற்றிய நிபந்தனை. அதை எல்லோரிடமும் ஒன்றுபோலச் சொல்லலாம், யாரும் ஏற்கலாம், ஏற்றவர் தவறினால் கேட்கலாம். இவ்வளவோடு உடன்படல் என்ற குற்றம் நம்மை விட்டு நீங்குகிறது. ‘இன்னார் வரலாகாது’ என்பதோ மனிதரைப் பற்றிய தடை. அவர் எதை ஏற்றுக்கொண்டாலும் அது விலகாது. முன்னது விரதத்தைக் காக்கிறது. பின்னது விரதத்தின் பெயரால் குலத்தைக் காக்கிறது. சமந்தபத்திர ஆச்சாரியர் இரத்தின கரண்டகத்தில் நற்காட்சியைக் கெடுக்கும் எட்டுச் செருக்குகளுள் குலச்செருக்கையும் சாதிச்செருக்கையும் தனித்தனியே எண்ணியிருக்கிறார். உணவு தூயதாயிருந்தும் அதைப் பற்றிய செருக்கு தூயதாயிராது.

மற்றொன்றும் உண்டு. நாம் கதவை அடைத்ததால் உலகில் ஓர் ஆடோ கோழியோ பிழைத்ததா? அந்தக் குடும்பம் எங்கே தங்கினும் தன் வழக்கப்படி உண்டிருக்கும். நம்மிடம் தங்கியிருந்தாலோ ஆறு வாரம் உண்டிராது. பிழைத்த உயிர் ஒன்றும் இல்லை. வருந்திய உயிர் ஒன்று உண்டு. கதிர்வீச்சில் வாய் வறண்ட ஒரு குழந்தை நாள்தோறும் இரயிலில் நின்று சென்றது. இந்தக் கணக்கில் நமது பங்கை எந்த ஏட்டில் எழுதுவது?

சட்டம் இதில் நமக்கு அதிகம் உதவாது. கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் சாதி, மதம் முதலியவற்றைக் காரணம் காட்டித் தடுக்கலாகாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் வீட்டு வாடகையை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அகமதாபாத்தில் பார்சி இனத்தவருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், அவ்விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறாக உடன்பட்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்றெல்லாம் அது வகுக்கிறது. இவை நல்லவையே. ஆயினும் வாசலில் நிற்பவரைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்பதைச் சட்டம் கற்பிப்பதில்லை. சட்டம் நிற்கும் இடத்திலிருந்துதானே விரதம் தொடங்குகிறது?

புதுக்கோட்டை மண்ணில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை இங்கு நினைப்பது பொருந்தும். தங்கை புற்றுநோயால் மாண்ட துயரை மறவாமல், அவர் முயன்று அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் தோன்றியது. 1954ஆம் ஆண்டு பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. அதற்கு முன்பே, 1930ஆம் ஆண்டில், தேவதாசிக் குலத்தில் பிறந்த இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் தேடி அவரிடம் வந்தனர். பிறப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மையார் அவர்களைத் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். ஔவை இல்லம் அவ்வாறு பிறந்தது. தடுத்தவர்களோடு வழக்காடிக்கொண்டு அவர் காத்திருக்கவில்லை. தமது கதவைத் திறந்தார். அவர் சமணர் அல்லர். ஆயினும் பரோபரோதாகரணம் என்ற பாவனைக்கு இதைவிட நல்ல உரை நாம் அறிந்ததில்லை.

இனி நம் வீட்டுக் கதையைச் சொல்லி முடிப்போம். சென்னையில் நம் தம்பிக்கு ஒரு சிறு அடுக்ககம் உண்டு. அப்போது அதில் வேறு குடியிருந்ததால் தமக்கையாருக்கு அது உதவவில்லை. அதன் வாசலில் பல ஆண்டுகளாக ஓர் அட்டை தொங்கியது: ‘வாடகைக்கு விடப்படும்; சைவ உணவினர்க்கு மட்டும்.’ எழுத்து அழகாக இருக்கும் என்று அதை எழுதித் தரச் சொன்னது நம்மிடந்தான். ஆசிரியப் பயிற்சியில் கற்ற கையெழுத்தில், கோடு போட்டு, எழுத்து ஒன்று சாயாமல் எழுதிக் கொடுத்தோம். அடையாற்று வாசலில் அந்தத் தந்தையைத் திருப்பி அனுப்பிய சொல், நம் கையால் எழுதி நாமே மாட்டிய சொல்தான் என்பது தமக்கையாரின் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பிறகே நமக்கு உறைத்தது.

தம்பியிடம் பேசினோம். அவர் முதலில் இசையவில்லை. பூசை செய்யும் வீடு, பின்னர் நாமே குடிபோக வேண்டியிருக்கும் என்றார். அந்தக் கவலைக்கும் மதிப்புண்டு. முடிவில், அட்டையை எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் அடுக்களை பற்றிய ஒரு வரியை மட்டும் சேர்ப்பது என்றும், வீடு காலியாகும் காலங்களில் மருத்துவத்துக்கு வருபவருக்குச் சில வாரங்களுக்காயினும் தருவது என்றும் இசைந்தோம். இதுவரை மூன்று குடும்பங்கள் அவ்வாறு தங்கின. ஒரு குடும்பம் வரியை மீறியது, சொன்னோம், திருத்திக்கொண்டனர். மற்ற இரு குடும்பங்களைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை.

குடியிருக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் கள்ளாமை உண்டு. சொன்ன நாளில் வீட்டை ஒப்படைத்தல், சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆளைச் சேர்க்காமை, உடைந்ததை மறைக்காமை ஆகியவை அவர்களுக்கு உரியவை. வீட்டுக்காரருக்கோ முன்பணத்தைச் சாக்குச் சொல்லிப் பிடிக்காமை உரியது. இவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் ‘ஜைனர்’ என்ற ஒரு சொல்லால் கதவு திறக்கும்போது, அதே சொல்லால் யாருக்குக் கதவு மூடப்படுகிறது என்று பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அன்று நாம் கற்றிராத பாடம் அது.

இரத்தின கரண்டகம் கூறும் நால்வகைக் கொடைகளில் உணவும் மருந்தும் போலத் தங்குமிடமும் ஒன்று. அது துறவியரைக் கருதிச் சொன்னது. இன்று நம் ஊர்களுக்கு முனிவர் வருகை அரிது. நோயாளிகளின் வருகை அரிதன்று. திருக்குறளின் நிலையாமை அதிகாரம், உயிர் உடம்பில் இருக்கும் இருப்பைத் ‘துச்சில்’ என்ற சொல்லால் குறிக்கிறது. பிறர் இல்லத்தில் ஒதுங்கியிருக்கும் இருப்பு என்று பொருள். பொன்னமராவதி ஆத்தாவின் முன்னறையில் நாம் நான்கு ஆண்டு இருந்ததும் துச்சில்தான். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. அவருக்குத் தர வேண்டிய வாடகை பாக்கி எதுவும் இல்லை என்றுதான் 1978இல் கணக்கு முடித்து வந்தோம். பாக்கி இருந்தது என்று இப்போது தெரிகிறது. அதை வேறொருவருக்குத்தான் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

அருகன் அறம் ஓங்குக.